குமரி மாவட்டத்தில் இளையோர் நாடக விழா: இளைஞர்களையும் வளரும் கலைஞர்களையும் ஈடுபடுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இளையோருக்கென்று ஒரு நாடக விழா நடத்த விரும்பும் கலை மன்றங்கள், வாசகர் வட்டங்கள், தேவாலயப் பங்கு இளைஞர் அமைப்புகள், ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்து பார்த்தும், புதிதாகத் தொடங்கியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து கவனித்தும் நான் அறிந்துகொண்டது இது: நிகழ்ச்சி நிரலை அச்சிட்ட பிறகு இளைஞர்களைக் கூப்பிட்டால், அவர்கள் நாற்காலி போடத்தான் வருவார்கள். எங்கள் முதல் விழாவில் அப்படித்தான் நடந்தது. அழைப்பிதழ், விருந்தினர், நாடகங்கள் எல்லாவற்றையும் பெரியவர்களாகிய நாங்களே முடிவு செய்துவிட்டு, விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கல்லூரி மாணவர்களை வரவழைத்தோம். வந்தவர்களில் ஒருவர்கூட மறுஆண்டு திரும்பி வரவில்லை. எனவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: முழுதாக ஆறு மாத அவகாசம், தொடர்ந்து நேரம் ஒதுக்கக்கூடிய மூன்று பெரியவர்கள் (அவர்களில் ஒருவராவது பெண்), ஐந்து வாரத்துக்கு வாடகையின்றிக் கிடைக்கும் ஒத்திகை இடம், பங்கேற்பாளர்களின் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு, நன்கொடை வரும் என்ற நம்பிக்கையில் அல்லாமல், உண்மையிலேயே கையிருப்பில் உள்ள பணம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விழாவை ஓராண்டு தள்ளிவைப்பதே நல்லது.

1. நாளைக் குறியுங்கள்

மற்ற மாவட்டங்களின் நாள்காட்டி நமக்குப் பொருந்தாது. இங்கே ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், திறந்தவெளி மேடைக்கு நம்பத்தக்க மாதங்கள் குறைவு. டிசம்பரில் மழை விட்டாலும் அரையாண்டுத் தேர்வு, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று அடுத்தடுத்து வருகின்றன. சனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் பிளஸ் டூ மாணவர்களை அப்போது எந்தப் பெற்றோரும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பும்படி கேட்பதும் முறையன்று.

ஆகவே நான் பரிந்துரைப்பது மே மாதத்தின் கடைசிப் பத்து நாள்கள். பொதுத் தேர்வுகளும் நீட் தேர்வும் முடிந்திருக்கும், பள்ளிகள் திறந்திருக்காது, பெருமழை தொடங்கியிருக்காது. கோடை மழை ஒரு மாலையைக் கெடுக்கலாம் என்பதால் கூரையுள்ள அரங்கையே தேர்ந்தெடுங்கள். கல்லூரிகளின் பருவத் தேர்வு அட்டவணையை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

கடற்கரை ஊர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் இருக்கின்றன. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையின் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிப் படகுகளுக்கு மேற்குக் கடற்கரையின் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் பொருந்தும். மே மாதத்தில் சின்னமுட்டத்துப் பையன் கரையில் இருப்பான். குளச்சல் பையனோ கடலில் இருக்கக்கூடும். கடற்கரை இளைஞர்களும் வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள், தேதியை அறிவிக்கும் முன் அந்தந்த ஊரில் இரண்டு பேரிடமாவது கேட்டுவிட வேண்டும். ரமலான் நோன்பு, புனித வாரம், ஊர்க் கோயில் கொடை விழா ஆகியவை ஒத்திகை வாரங்களில் வருகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. இளையோர் குழுவை அமையுங்கள்

தேதிக்கு அடுத்து அமைய வேண்டியது இதுதான். நிதி திரட்டுவதற்கும், அரங்கைப் பேசுவதற்கும், பெயர் சூட்டுவதற்கும் முன்பே. 16 முதல் 25 வயது வரையுள்ள ஏழு அல்லது ஒன்பது பேர் போதும். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், வாக்கெடுப்பில் சமநிலை வந்தால் உடனே பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒரே கல்லூரியிலிருந்து எல்லாரையும் எடுக்காதீர்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பகுதியிலிருந்து சிலர், கல்குளம், விளவங்கோடு பகுதியிலிருந்து சிலர், கடற்கரையிலிருந்து சிலர், பேச்சிப்பாறை மலைப்பக்கத்திலிருந்து ஒருவர் என்று அமைத்தால், எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு நின்றுபோகும், எந்த ஊரில் எந்த நாள் கூட்டம் வராது என்பவை எல்லாம் குழுவுக்குள்ளேயே தெரிந்திருக்கும். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கல்லூரிச் சுற்றறிக்கை அவர்களிடம் போய்ச் சேராது. செங்கல் சூளைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

குழுவிடம் மூன்று அதிகாரங்களை எழுத்தில் கொடுங்கள். எந்த நாடகங்கள் இடம்பெறும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். மொத்தச் செலவில் ஒரு பகுதியை, நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அவர்களே பிரித்துச் செலவிடுவார்கள். அழைப்பிதழில் யார் பெயர் வரும் என்பதைச் சரிபார்ப்பார்கள். எழுத்தில் கொடுப்பது அவநம்பிக்கையால் அன்று. மூன்றாவது மாதத்தில் நன்கொடையாளர் ஒருவர் தன் உறவினரின் நடனத்தைச் சேர்க்கச் சொல்லும்போது, அந்தத் தாள்தான் உங்களுக்கும் குழுவுக்கும் துணை நிற்கும்.

புதியவர்கள் செய்யும் பிழை, குழுவை அமைத்துவிட்டு அதற்கு “ஆலோசனைக் குழு” என்று பெயர் வைப்பது. ஆலோசனை கேட்கப்பட்டு ஏற்கப்படாத இளைஞர் இரண்டாம் கூட்டத்துக்கு வருவார். மூன்றாம் கூட்டத்துக்கு வர மாட்டார்.

3. யாருக்கான விழா என்பதை வரையறுத்து, அழைப்பை வெளியிடுங்கள்

“இளையோர்”, “வளரும் கலைஞர்” என்ற இரண்டும் வேறு. முதலாவது வயதைக் குறிப்பது. இரண்டாவது அனுபவத்தைக் குறிப்பது. 30 வயதில் முதல் நாடகத்தை இயக்க வரும் ஆசிரியை வளரும் கலைஞர்தான். நாங்கள் வைத்துக்கொண்ட அளவு: 13 முதல் 17, 18 முதல் 25 என்று இரண்டு வயதுப் பிரிவுகள், அவற்றுக்கு அப்பால், பொதுமேடையில் மூன்று நாடகங்களுக்கு மேல் எழுதியோ இயக்கியோ இராத எவருக்கும் வயது வரம்பில்லாத ஒரு பிரிவு. இந்த எல்லையை அழைப்பிலேயே சொல்லாவிட்டால், பத்தாண்டு அனுபவமுள்ள குழு ஒன்று முன்னால் வந்து நிற்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

அழைப்பைச் சனவரி முதல் வாரத்தில் வெளியிடுங்கள். ஒரே பக்கம் போதும். முழு நாடகப் பிரதியைக் கேட்காதீர்கள். பிரதி எழுதத் தெரிந்தவர்களை மட்டுமே அது கொண்டுவரும். என்ன கதை, ஏன் இதைச் சொல்ல விரும்புகிறீர்கள், எத்தனை பேர், என்னென்ன தேவை என்ற நான்கு கேள்விகளுக்கு எழுத்திலோ வாட்ஸ்அப் குரல்பதிவிலோ விடை தரலாம் என்று சொல்லுங்கள். குரல்பதிவை ஏற்கத் தொடங்கிய ஆண்டில்தான் எங்களுக்குக் கடற்கரையிலிருந்து முதன்முதலாக விண்ணப்பங்கள் வந்தன.

மொழியைப் பற்றியும் அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விளவங்கோட்டுப் பிள்ளை “எனக்க அம்மை” என்றுதான் பேசும். எல்லையோர ஊர்களில் தமிழோடு மலையாளமும் கலந்து வரும். கடற்கரைத் தமிழின் ஓட்டமே வேறு. பள்ளி விழாக்களில் இந்தப் பேச்சைத் திருத்தியே பழக்கப்பட்டதால், மேடை என்றாலே சினிமாத் தமிழ் பேச வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். “உங்கள் ஊர்ப் பேச்சில் நாடகம் அமையலாம்” என்ற ஒரு வரி, வருகின்ற கதைகளையே மாற்றிவிடும்.

சிறுகதையை நாடகமாக்க விரும்புவோர், எழுத்தாளரிடமோ அவர் வாரிசுகளிடமோ எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சேருங்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒத்திகை தொடங்கிய பிறகு அனுமதி மறுக்கப்பட்டால் ஐந்து வார உழைப்பும் போய்விடும்.

4. தேர்வு செய்யுங்கள், ஆனால் போட்டி வைக்காதீர்கள்

முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைத்தால் பிள்ளைகள் நடுவருக்காக நடிக்கத் தொடங்குவார்கள். ஒரு குழு மற்றொரு குழுவின் ஒத்திகையைப் பார்க்கவே வராது. அதனால் இடம்பெறும் குழுக்கள் அனைத்துக்கும் ஒரே அளவு தயாரிப்புத் தொகை கொடுத்துவிடுங்கள். மூன்று நாள் விழாவுக்கு எட்டு நாடகங்கள், ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம் என்பது தாங்கக்கூடிய அளவு.

பிப்ரவரித் தொடக்கத்தில் தேர்வை முடித்துவிட வேண்டும். தேர்வாகாத ஒவ்வொருவரிடமும் குழு உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் பேசி, காரணத்தைச் சொல்லி, ஒளி, ஒப்பனை, மேடை நிர்வாகம் போன்ற வேறு பொறுப்புக்கு அழைக்கட்டும். பிறகு மார்ச் முழுவதும், ஏப்ரல் நடு வரையிலும் எந்த ஒத்திகையும் வைக்காதீர்கள். அந்த இடைவெளி வீணாகிறதே என்று பதறிப் பிள்ளைகளைக் கூப்பிடும் அமைப்பாளர், பெற்றோரின் நம்பிக்கையை இழக்கிறார். அதை விழா முடியும் வரை மீட்க முடியாது.

5. பெற்றோரைச் சந்தித்து ஒப்புதல் பெறுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் ஒரு கையெழுத்துத் தாளாகச் சுருக்கிவிடுகிறார்கள். தாள் வேண்டும்தான், 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒத்திகை நாள்கள், நேரம், இடம், பொறுப்பாளரின் தொலைபேசி எண், புகைப்படமும் காணொலியும் எடுத்து வெளியிடச் சம்மதமா என்ற தனிக் கேள்வி ஆகியவை அடங்கிய ஒப்புதல் கடிதம் கட்டாயம். ஆனால் அதற்கு முன் பெற்றோரை ஒத்திகை இடத்துக்கே வரவழைத்துக் காட்டுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்பதைத்தான் அம்மாக்கள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது சரியானவற்றைத்தான்.

பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்குப் பேருந்துதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். ஒரு முறை ஒத்திகை அரை மணி நேரம் நீண்டதால், மலையோர ஊர் ஒன்றுக்குப் போக வேண்டிய மாணவி கடைசி நேரடிப் பேருந்தைத் தவறவிட்டார். நாங்கள் ஆட்டோவில் கொண்டுவிட்டோம், எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் அவர் வரவில்லை. அவர் அப்பா எங்களிடம் கோபப்படக்கூட இல்லை. அதன் பிறகு பங்கேற்பாளர்களில் மிகத் தொலைவில் இருப்பவரின் பேருந்து நேரத்தை எழுதி, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக ஒத்திகையை முடிப்பது என்று விதி வைத்துக்கொண்டோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு சிறிது குறையும். அந்த மிச்சத்தை அவசர ஆட்டோ செலவுக்கென்று தனியே வையுங்கள்.

பாதுகாப்பு விதிகளைப் பெரியவர்கள் அனைவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். சிறாரோடு எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. உடை மாற்றும் இடங்கள் தனித்தனியே இருக்க வேண்டும். நள்ளிரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைத் தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ ஒத்திகை இடத்தின் சுவரில் பிள்ளைகளின் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். பெயருள்ள, தெரிந்த, ஊரில் மரியாதைக்குரிய மனிதர் என்பதற்காக எவருக்கும் இந்த விதிகளிலிருந்து விலக்குத் தராதீர்கள்.

6. வழிகாட்டும் கலைஞர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி. அவர் இயக்குநர் அல்லர் என்பதை இருதரப்புக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்த்து, கேள்வி கேட்டு, குழு கேட்டால் மட்டும் வழி சொல்வது அவர் வேலை. அனுபவமுள்ள நாடகக்காரர்களால் இது எளிதில் முடியாது. மூன்றாம் வாரத்தில் அவர்களே மேடையேறி நடித்துக் காட்டத் தொடங்குவார்கள், பிள்ளைகள் அவரை அப்படியே நகலெடுப்பார்கள். அதைக் கண்டால் அன்றே பேசுங்கள்.

நம் மாவட்டத்தில் வில்லிசைக் கலைஞர்களும், களியல் என்னும் கோலடி ஆட்டத்தின் ஆசான்களும், தோல்பாவைக்கூத்துக் குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்களை விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது பெரும் இழப்பு. வில்லிசைப் புலவர் ஒருவர் பிள்ளைகளோடு இரண்டு நாள் உட்கார்ந்தால், ஒருவர் கதை சொல்ல மற்றவர் ஆமா போடும் முறையில் எவ்வளவு நாடகம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் உடலால் கற்றுக்கொள்வார்கள். கொடைக் காலத்தில் அவர்களுக்கு ஓய்வு இருக்காது. எனவே பிப்ரவரியிலேயே நாள் கேட்டு முன்பணம் கொடுத்துவிடுங்கள். சேவையாக வந்து போங்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கும், வளரும் கலைஞர் பிரிவில் வருபவர்களுக்கும் மதிப்பூதியம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். சிறிய தொகையாக இருந்தாலும் சொன்ன நாளில் கிடைத்தால், அவர் தன்னைக் கலைஞராக எண்ணத் தொடங்குவார்.

7. ஐந்து வார ஒத்திகையை நடத்துங்கள்

முதல் வாரத்தில் பிரதியைத் தொடாதீர்கள். எல்லாக் குழுக்களையும் ஓரிடத்தில் கூட்டி விளையாட்டு, குரல், மூச்சு, ஒருவரையொருவர் கவனித்தல் ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள். குளச்சலும் குலசேகரமும் ஒன்றையொன்று அறிவது அப்போதுதான்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் காட்சிகளைச் செய்து பார்த்துக் கட்ட வேண்டும். வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது விரைவான வழிபோலத் தோன்றும். ஆனால் மேடையில் ஒரு வரி மறந்தால் எல்லாரும் நின்றுவிடுவார்கள். காட்சியில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, வரி மறந்தாலும் காட்சியைக் கொண்டுபோய்விடும்.

நான்காம் வாரத் தொடக்கத்தில் குழுக்கள் தங்கள் பாதி வேலையை மற்றக் குழுக்களுக்கு மட்டும் காட்டட்டும். பெற்றோரும் விருந்தினரும் அன்று வேண்டாம். பார்த்தவர்கள் “எனக்குப் புரிந்தது இது”, “எனக்குப் புரியாதது இது” என்ற இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். நன்றாயிருக்கிறது, மோசமாயிருக்கிறது என்ற தீர்ப்புக்கு இடமில்லை. ஒட்டுமொத்த விழாவில் இளைஞர்கள் அதிகம் கற்பது இந்த ஒரு நாளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். நாள் போதவில்லை என்று இதை வெட்டாதீர்கள்.

மே மாதப் பிற்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒத்திகை வைக்கக் கூடாது. காலை 9 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைக் கலைஞர்கள் குறித்த 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் அவர்களை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. உங்கள் விழா வணிக நோக்கமற்றதாக இருந்தாலும் இந்த அளவைக் கடக்காதீர்கள்.

8. அரங்கையும் அனுமதிகளையும் உறுதி செய்யுங்கள்

பள்ளி அரங்கு, பங்கு மண்டபம், சமுதாயக் கூடம் எதுவானாலும் நான்கு மாதம் முன்பே எழுத்தில் பதிவு செய்யுங்கள். திருமண மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் முகூர்த்த நாள்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகத் தந்த இடத்தை ஒரு கல்யாணத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். விழா நாள்களோடு, அதற்கு முந்தைய இரண்டு நாள்களையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒளி ஒத்திகை அங்கேதான் நடக்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுப்பதால், நிகழ்ச்சியை 9 மணிக்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். கடைசிப் பேருந்தை எண்ணினால் 8 மணியே சிறந்தது. பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அதற்கு அடிப்படையாயிருந்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று தீர்ப்பளித்துவிட்டது.

9. ஒளியும் ஒலியும்

1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். பழைய பள்ளி அரங்கில் 15 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கும். அதில் மூன்று விளக்குகளே எல்லை, நான்காவது போட்டால் டிரிப் ஆகும். எங்கள் விழாவில் ஒரு நாடகத்தின் உச்சக் காட்சியில் அப்படித்தான் இருட்டாயிற்று. எல்இடி விளக்குகளை வாடகைக்கு எடுப்பதும், மைக் செட்டுக்குத் தனி இணைப்புக் கொடுப்பதும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை மூன்று நாளும் உடன் வைத்துக்கொள்வதும் இதைத் தீர்க்கும். விளக்குப் பலகையில் ஓர் இளைஞரை உட்காரவைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். வாடகைக்காரரின் ஆளுக்கு நாடகம் தெரியாது.

10. விழா நாள்கள்

ஒரு மாலைக்கு மூன்று நாடகங்களுக்கு மேல் வேண்டாம். நாடகங்களுக்கிடையே 15 நிமிடம் விடுங்கள். மேடைப் பொருள்களை எடுத்துவைக்க அவ்வளவு ஆகும். வயதில் சிறிய குழுவை முதலில் போட்டுவிட்டு, வளரும் கலைஞர்களைக் கடைசிக்கு வைப்பது வழக்கம். ஆனால் முதல் நாடகத்தின்போது அரங்கு பாதி காலியாயிருக்கும் என்பதால் அது சிறுவர்களுக்கு அநீதி. அவர்களை நடுவில் வையுங்கள்.

வாழ்த்துரைகளை நாடகங்களுக்கு முன்னால் வைக்காதீர்கள். ஒப்பனையோடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, வியர்வையில் மை கலைந்து, பயமும் சோர்வுமாய் மேடையேறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விருந்தினர் பேச வேண்டுமானால் கடைசி நாள் இறுதியில், ஐந்து நிமிடம் பேசட்டும். அதுவும் நாடகங்களைப் பார்த்தவர் மட்டும்.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களோடு 10 நிமிட உரையாடல் வைக்கலாம். இளையோர் குழுவினர் ஒருவர் அதை நடத்தட்டும். முதல் கேள்வியைப் பார்வையாளர்களிடம் நடிகர்களே கேட்கட்டும். உச்சரிப்பைத் திருத்தவும் அறிவுரை சொல்லவும் எழுபவரிடமிருந்து மைக்கைப் பணிவாகத் திரும்ப வாங்கும் துணிவு அந்த இளைஞருக்கு வேண்டும். அதை முன்பே ஒத்திகை பாருங்கள்.

11. விழா முடிந்த பின்

ஏழு நாளுக்குள் மதிப்பூதியங்கள் முழுவதையும் கொடுத்துவிட்டு, வரவு செலவுக் கணக்கைப் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். நடிகர்கள், ஒளி பார்த்தவர், மேடைப் பொருள் செய்தவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அவர் செய்த வேலையைப் பெயரிட்டுக் குறிக்கும் சான்றிதழ் கொடுங்கள். “பங்கேற்றார்” என்று மட்டும் எழுதிய தாளால் அடுத்த வாய்ப்பைத் தேடும் கலைஞருக்குப் பயனில்லை. அவர்கள் நாடகத்தின் ஒளிப்பதிவையும் அவர்களிடமே தந்துவிடுங்கள். அதை இணையத்தில் வெளியிடும் முன் ஒப்புதல் கடிதங்களை மறுபடியும் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்தவர்கள் ஜூன் மாதம் சென்னைக்கும் கோவைக்கும் திருவனந்தபுரத்துக்கும் படிக்கப் போய்விடுவார்கள். எனவே அடுத்த ஆண்டுக் குழுவை அவர்கள் ஊரில் இருக்கும்போதே அமைக்க வேண்டும்: பழைய உறுப்பினர்களில் பாதிப்பேர், இந்த விழாவில் பங்கேற்றவர்களிலிருந்து பாதிப்பேர். திரைத்துணி, ஒயர்ச் சுருள், ஒப்பனைப் பெட்டி, தொலைபேசி எண்கள் எழுதிய நோட்டு, பேருந்து நேர அட்டவணை ஆகியவற்றை இரு குழுவினரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டு, டிரங்குப் பெட்டியின் சாவியைப் புதிய குழுவிடம் அன்றே ஒப்படைத்துவிடுங்கள்.